சாட்சிக் கூண்டில் ஏறும் நினைவு

குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சம்பவம் நடந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, அவருடைய முகம் இன்னமும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?" சாட்சி நிமிர்ந்து, "நல்லா இருக்குதுங்க ஐயா" என்பார். அந்த ஒரு வரி பதிவாகும். தயங்கினால் வழக்கு ஆட்டம் காணும்; தயங்காமல் சொன்னால் நிற்கும். செஷன்ஸ் கோர்ட்டின் பின் பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருவருடைய ஆயுள் தண்டனை இன்னொருவருடைய குரலின் உறுதியில் தொங்குவது அப்போதே உறுத்தியது. நினைவைப் பற்றி நரம்பியல் அறிஞர்கள் கண்டறிந்தவற்றைப் படிக்கப் படிக்க அந்த உறுத்தல் கூடிக்கொண்டே போகிறது.

பெரும்பாலானவர்களைப் போல, பார்த்தது எங்கோ ஓரிடத்தில் பத்திரமாகப் பதிந்து கிடக்கிறது, வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி ஓர் இடம் மூளையில் இல்லை. 1953ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, கடுமையான வலிப்பு நோயை நிறுத்துவதற்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியையும் அதைச் சுற்றியிருந்த திசுக்களையும் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008ல் இறக்கும்வரை அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் மனதில் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. பல ஆண்டுகளாக அவரைப் பரிசோதித்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் ஒவ்வொரு முறையும் புது ஆளாகத்தான் அவருக்குத் தெரிந்தார். சின்ன வயதுச் செய்திகளை மட்டும் அவரால் சொல்ல முடிந்தது. அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகள் மங்கிப்போயிருந்தன.

இதிலிருந்து ஆய்வாளர்கள் புரிந்துகொண்டது முக்கியமானது. புதிய அனுபவத்தைக் கோத்துக் கட்டுவதற்கு ஹிப்போகேம்பஸ் வேண்டும். நாளடைவில், குறிப்பாகத் தூக்கத்தின்போது, அந்தக் கட்டு மூளையின் மேற்புறணியில் பரவி வேரூன்றுகிறது. கண்டது ஒரு பகுதியில், கேட்டது வேறொரு பகுதியில், அந்த நேரத்துப் பயம் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் துணையோடு இன்னோர் இடத்தில் என்று ஒரே நிகழ்ச்சி பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. நினைவுகூரும்போது அவற்றை மூளை மறுபடி கூட்டுகிறது. கூத்துக்காரர்கள் திரௌபதி கதையை ஒவ்வோர் ஊரிலும் புதிதாக ஆடுவதுபோலத்தான் இது. கதை அதேதான், ஆனால் அன்றைய இரவின் ஆட்டம் அன்றைக்கே உருவாகிறது. இடையில் விட்டுப்போனதைக் கட்டியக்காரன் சமாளித்து நிரப்பிவிடுவான். எது பழையது, எது நிரப்பியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நினைவில் இன்னொரு சங்கடம், ஆடுகிறவருக்கே அது தெரியாது.

2000ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், கிளென் ஷாஃபி, ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஒலியைக் கேட்டதும் பயப்படும்படி எலிகளைப் பழக்கினார்கள். பிறகு ஒருமுறை அந்த ஒலியைக் கேட்க வைத்து, பயம் நினைவுக்கு வந்த கையோடு அமிக்டலாவில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். மறுநாள் பயம் பெருமளவு காணாமல் போயிருந்தது. ஒலியைக் கேட்காத எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது பயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊறி இறுகிவிட்டதாக நினைத்த பழைய நினைவுகூட, வெளியே எடுத்ததும் கொஞ்ச நேரம் இளகிவிடுகிறது. திரும்பவும் அது கட்டப்பட வேண்டியிருக்கிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிவிட முடியாதுதான். ஆனாலும் நினைத்துப் பார்ப்பது நினைவைத் தொடாத காரியம் என்ற எண்ணம் அத்தோடு போயிற்று.

அதிர்ச்சியான சம்பவம் என்றால் கல்லில் வெட்டியதுபோல நிற்கும் என்பார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் மூலம், என்ன செய்துகொண்டிருந்தபோது கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார் உளவியலாளர் உல்ரிக் நைஸர். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார். கால்வாசிப் பேருக்கு முக்கிய விவரங்கள் எல்லாமே தவறியிருந்தன. தப்பாகச் சொன்னவர்களில் பலர் முழு நம்பிக்கையோடுதான் சொன்னார்கள். அவர்களுடைய சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் அந்த முதல் நினைவு திரும்பி வரவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

இதே விஷயம் ஒரு மனிதனின் வாழ்க்கையில் விளையாடியதை வட கரோலினா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பார்க்கலாம். 1984ல் ஜெனிஃபர் தாம்சன் என்ற 22 வயது கல்லூரி மாணவி, வீட்டுக்குள் புகுந்த ஒருவனால் பாலியல் வன்முறைக்கு ஆளானார். பிழைத்தால் இவனை விடக் கூடாது என்று அந்தக் கொடுமைக்கு நடுவிலும் அவன் முகத்தை உன்னிப்பாக மனதில் வாங்கினார். போலீஸ் காட்டிய புகைப்படங்களில் சில நிமிடங்கள் யோசித்துத்தான் ரொனால்டு காட்டனைக் காட்டினார். சரியாகச் செய்தீர்கள் என்று அதிகாரி தெம்பூட்டினார். அடுத்து ஆட்களை நேரில் நிறுத்தினார்கள். படத்திலும் நேரிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான். மறுபடியும் அவரையே காட்டினார். நீதிமன்றத்துக்கு வந்தபோது ஜெனிஃபர் மனதில் இம்மியளவு சந்தேகம் இல்லை. 1987ல் நடந்த மறு விசாரணையின்போது பாபி பூல் என்பவனை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவனைப் பார்த்ததே இல்லை என்றார். 1995ல் மரபணுச் சோதனை வந்தது. குற்றவாளி அந்தப் பூல்தான். காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். அந்த இளம்பெண்ணின் நினைவுக்குள், பார்த்த முகத்தின் இடத்தில் படத்தில் இருந்த முகம் குடியேறிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நினைவைக் கையாண்ட விதத்தில்தான் தவறு.

தடயத்தைத் தொடாதே என்று கொலை நடந்த வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டுகிறோம். சாட்சியின் நினைவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் ஊரில் மாஜிஸ்திரேட் முன்னிலையில், பெரும்பாலும் சிறை வளாகத்தில், அடையாள அணிவகுப்பு நடத்துகிறார்கள். போலீசார் அருகே இருக்கக் கூடாது, சந்தேக நபரோடு அவரைப் போன்ற சாயல் உள்ளவர்களைக் கலந்து நிறுத்த வேண்டும் என்ற விதிகள் நல்ல விதிகள். சாட்சிக்கு முன்கூட்டியே படத்தைக் காட்டிவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றமும் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கைதான அரை மணி நேரத்தில் முகம் டிவியில் வந்துவிடுகிறது. ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் தெருத்தெருவாகச் சுற்றுகிறது. சாட்சியும் அதே தெருவில்தான் இருக்கிறார். பத்து நாள் கழித்து அவர் அடையாளம் காட்டுவது சம்பவத்தன்று கண்ட முகத்தையா, போனில் கண்ட முகத்தையா? பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: அணிவகுப்பு முடியும்வரை சந்தேக நபரின் படத்தைப் போடாமல் இருப்பதால் எந்த வாசகருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்றும் செய்யலாம். முறையாக நடத்தப்பட்ட முதல் அடையாளத்தின்போது சாட்சிக்கு எவ்வளவு உறுதி இருந்தது என்பது ஓரளவு நம்பத்தக்க தகவல் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பல வருடம் கழித்துக் கூண்டில் தெரியும் உறுதிக்கு அந்த மதிப்பு இல்லை. இடையில் எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி அது ஏறியிருக்கும். ஆகவே அந்த முதல் வார்த்தையை, "அவர்தான்னு நினைக்கிறேன்" என்றால் அந்த "நினைக்கிறேன்" உட்பட, ஒலி ஒளியோடு பதிவு செய்ய வேண்டும். போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதை வீடியோ எடுக்கச் சட்டத்தில் 2009லிருந்தே இடமிருக்கிறது. எடுக்கலாம் என்று இருப்பதை, கொடுங்குற்றங்களிலாவது எடுத்தே ஆக வேண்டும் என்று மாற்றுவதற்கு என்ன தடை?

அதுவரை வாசகர்கள் தங்கள் பங்குக்குச் செய்யக்கூடியது இருக்கிறது. ஒரு விபத்தையோ தாக்குதலையோ பார்க்க நேர்ந்தால், பக்கத்தில் இருந்தவரோடு பேசிப் பார்ப்பதற்கு முன், செய்தியைப் பார்ப்பதற்கு முன், கண்டதைத் தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். சட்டை நிறம் சரியாகத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். சம்பவத்தை ஒட்டித் தானே எழுதிய குறிப்பைக் கூண்டில் நின்றபடி பார்த்து ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சிக்குச் சாட்சியச் சட்டம் அனுமதி தருகிறது. எதிர்த்தரப்பு வக்கீலும் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அதை வைத்தே குறுக்கு விசாரணை செய்யலாம்.