'பட்ச் ஒற்றுமை' என்கிற பயம்

எங்கட பட்ச்சில் ஒரு பெடியன் இரண்டாம் மாதமே கம்பஸை விட்டுப் போய்விட்டான். ஏன் போனான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அன்று பின்னேரம் சீனியர்மார் அவனை முழங்காலில் இருத்தி வைத்துக் கத்தியபோது, நான் பத்தடி தள்ளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் குற்றம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நிலத்தைப் பார்ப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேணும்.

"சும்மா பகிடி தம்பி, பழகிறதுக்குத்தானே" என்பார்கள். பகிடி என்றால் இரண்டு பக்கமும் சிரிக்க வேணும். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ், சீனியர்மார் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடமே பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தல், கடுங்காயம் என்றால் 10 வருடம் வரை. அந்தச் சட்டத்தைப் பற்றிய போஸ்டர் எங்கட ஹொஸ்டல் சுவரிலும் இருக்கிறது. அதுக்குக் கீழேதான் எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள்.

சட்டத்துக்குச் சாட்சி வேணும். முப்பது பேர் நின்ற இடத்தில் ஒருவரும் ஒன்றையும் காணவில்லை என்றால் சட்டம் என்ன செய்யும்?

2002 நவம்பரில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் சமந்த விதானகே கொல்லப்பட்டார். முகாமைத்துவ பீட மூன்றாம் வருட மாணவர். பகிடிவதையை நிறுத்தச் சொல்லிப் பேசப்போன இடத்திலேயே தாக்கப்பட்டார். மூன்றாம் வருடம் என்பதைக் கவனியுங்கள். அவர் ஜூனியர் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு நட்டமும் வந்திராது. நாங்களோ, "எங்களுக்கு நடந்தது, அவைக்கும் நடக்கட்டும்" என்று அடுத்த பட்ச் வரும்வரை காத்திருக்கிறோம்.

எங்களுக்குப் பேசத் தெரியாது என்றும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் அம்மாமாரோடு வீதியில் இருக்கிறோம், இருக்கத்தான் வேணும். காஸாவுக்கு ஸ்டோரி போடுகிறோம். பகலில் பதாகை பிடித்த அதே கைதான் இரவில் ஜூனியருக்குக் கோல் எடுத்து, "எத்தனை அண்ணாமாரின்ர பேர் பாடமாக்கினனி?" என்று வெருட்டுகிறது.

இன்னொரு கதையும் இருக்கிறது. "வெளியில் சொன்னால் எங்கட கம்பஸுக்குத்தான் கெட்ட பெயர். தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி மற்றவன் என்ன நினைப்பான்? இப்ப கதைக்கிற நேரமில்லை." இந்த வசனத்தை எங்கட சமூகம் எத்தனை தரம் கேட்டிருக்கும்! யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம, அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் என்று எல்லாத் தரப்பின் வன்முறையையும் எழுதினார். 1989 செப்டெம்பர் 21இல் கம்பஸிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். அவர் எழுதியதும் பலருக்கு "கதைக்கிற நேரமில்லாத" விசயம்தான். 'முறிந்த பனை' அட்டையைப் படம் பிடித்துப் போடுகிற நாங்கள் எதற்குப் பயப்படுகிறோம்? எங்களை ஒருவரும் சுடப்போவதில்லை. குப்பி கிடைக்காது. நோட்ஸ் தரமாட்டார்கள். வட்ஸ்அப் குறூப்பிலிருந்து தூக்குவார்கள். கன்டீனில் தனிய இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டிவரும். இவ்வளவுக்கும் நாங்கள் வைத்த பெயர்தான் பட்ச் ஒற்றுமை. விட்டுப்போனவனும் எங்கட பட்ச்தானே? அவனோடு ஏன் ஒருவரும் ஒற்றுமையாக நிற்கவில்லை?

(தனிய இருப்பது லேசு என்று நான் சொல்லவில்லை. கிராமத்திலிருந்து வந்து, ஒருவரையும் தெரியாத ஊரில் ரூம் எடுத்து இருக்கிற பிள்ளைக்கு அது பெரிய விசயம்தான். சீனியர்மாருக்கும் அது நல்லாத் தெரியும்.)

புதிய பட்ச் வரப்போகிறது. போன கிழமை எங்கட குறூப்பில் ஜூனியர்மாரின் நம்பர் லிஸ்ட் கேட்டார்கள். "நான் தரமாட்டன், இதுக்கு வரவும் மாட்டன்" என்று போட்டேன். பத்து நிமிசத்தில் குறூப்பில் நான் இல்லை. இரவு மூன்று பேர் தனித்தனியாக மெசேஜ் போட்டார்கள், தங்களுக்கும் இது பிடிக்கவில்லையாம். அதை ஏன் குறூப்பில் சொல்லவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை.

பிறகு அவனுக்குக் கோல் எடுத்தேன். கனநேரம் வேறு என்னவோ கதைத்தோம். கடைசியில் கேட்டான், "அண்டைக்கு நீயும் அங்கதானே நிண்டனி?"

ஓம் என்றேன். முறைப்பாடு குடுக்கிறதென்றால் சாட்சிக்கு என்ர பெயரைப் போடச் சொன்னேன்.

"பாப்பம்" என்று வைத்துவிட்டான்.