கோவில் முழுவதும் பாடட்டும்!

சுந்தரர் பாடிய பதிகத்தால் முதலையுண்ட பாலகன் மீண்டு வந்தான் என்று சைவப் பெருமக்கள் போற்றும் திருத்தலம் நம் அவிநாசி. பாட்டின் வலிமையை இவ்வூராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் நடப்பது என்ன? பீடத்தருகே பத்துப் பேர் ஒலிபெருக்கியில் பாடுகிறார்கள். மற்றவர்கள் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது தகுமா? இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, இறைமக்கள் அனைவரும் வழிபாட்டில் முழுமையாகப் பங்குபெற வேண்டும் என்றது. இலத்தீனில் நடந்த திருப்பலி தமிழில் ஒலிக்க வழி பிறந்ததும் அதனாலன்றோ! 1967-இல் திருஇசை பற்றி வந்த அறிவுரையோ, மக்களை அறவே விலக்கிவிட்டுப் பாடல் முழுவதையும் பாடகர் குழுவிடமே ஒப்படைக்கும் வழக்கத்தைக் கண்டித்தது.

ஆகவே, மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஒரு மணி நேரம், நம் பங்கு ஆலயத்தில் பக்திப்பாடல் கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது போட்டியன்று, கச்சேரியுமன்று. வந்தவர் அனைவரும் பாட வேண்டும்.

அதற்கு வழி நம் கொங்கு நாட்டுக் கும்மியிலேயே இருக்கிறது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். எழுத்தறியாத பாட்டியும் அதில் பின்தங்குவதில்லை. சுருதியிலும் கவனம் வேண்டும். சிறுமியரின் குரலுக்கேற்ப உயர்த்தித் தொடங்கினால் தந்தையருக்கு எட்டாது; ஓரிரு கட்டை இறக்கினால் எல்லாரும் சேர்ந்துகொள்வர். எட்டுப் பாட்டுகளும் ஓர் ஆர்மோனியமும் போதும். ஒலிபெருக்கி ஓய்வெடுக்கட்டும்!

இன்னொரு பயனும் உண்டு. பழைய மாதா பாட்டுகளையும் தவக்காலப் புலம்பல்களையும் நெஞ்சிலேயே வைத்திருக்கும் பாட்டிமார் பலர். அவற்றுள் சில எந்தப் புத்தகத்திலும் ஏறியதில்லை. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும். கூட்டத்துக்கு ஒரு பாட்டை அவர்கள் சொல்லித் தரட்டும்; மாணவியர் நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம்.

“பாடகர் குழுவின் மதிப்புக் குறையாதா?” என்று கேட்கலாம். குறையாது. தனியே பாடுவதைவிடத் தடுமாறும் குரல்களைத் தாங்கிச் செல்வதே அரிய பணி. “அபசுரம் தட்டுமே!” என்பாரும் உளர். தட்டட்டுமே! திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் விசைத்தறிகளிலும் வாரமெல்லாம் இயந்திர ஓசைக்கு நடுவே உழைக்கும் நம் பெற்றோர், ஒரு மணி நேரமாவது தம் குரலை இறைவனுக்கு எழுப்ப வேண்டாமா? பிழையின்றிப் பாடுபவர் மட்டுமே செபிக்கலாம் என்று ஆண்டவர் சொல்லவில்லையே!

அருட்சகோதரியர் அனுமதி தாருங்கள், பங்குத்தந்தையிடம் எடுத்துரையுங்கள். பெற்றோரே, எங்களை வாசலில் விட்டுத் திரும்பாமல் உள்ளே வந்து அமருங்கள். தோழியரே, வீட்டிலுள்ள பாட்டியின் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அவிநாசித் தேர் பத்துப் பேர் இழுத்து நகர்வதில்லை. ஊர் கூடினால்தான் நகரும். இறைபுகழும் அப்படியே!