கடலில் இருந்து கரண்ட்: மெரினாவுக்குச் சரிப்படுமா?

"இவ்வளவு பெரிய கடலை வாசலில் வைத்துக்கொண்டு கரண்டுக்கு நிலக்கரி எதற்கு?"

மின்சார பில் வரும்போதெல்லாம் சென்னைவாசிகள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

நம் கடல் தினமும் இரண்டு தடவை ஏறுகிறது, இரண்டு தடவை வற்றுகிறது. இதற்கு ஓதம் என்று பெயர். ஏறும் தண்ணீரை அணை கட்டி மடக்கி, வெளியே வற்றியதும் டர்பைன் வழியாகத் திறந்துவிட்டால் கரண்ட் ரெடி!

பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966-ல் இப்படி ஒரு நிலையம் திறந்தார்கள். 240 மெகாவாட். இன்றும் ஓடுகிறது. நிலக்கரி வேண்டாம், புகை இல்லை. தண்ணீர் எப்போது ஏறும் என்பதைப் பல வருஷத்துக்கு முன்பே பஞ்சாங்கம் மாதிரி கணித்துவிடலாம். காற்றாலைக்கு இந்த யோகம் கிடையாது.

பிறகு என்ன தடை?

மெரினாவில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். ரான்சில் சராசரியே 8 மீட்டர்! இடுப்பளவு தண்ணீரை நம்பி அணை கட்டினால் போட்ட முதல் கைக்கு வராது. கரையில் மோதும் அலை வேறு, ஓதம் வேறு. அலையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நம் நாட்டில் வாய்ப்பு உள்ள இடம் குஜராத். காம்பே வளைகுடாவில் 11 மீட்டர் வரை ஏறுகிறது. பக்கத்தில் கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் நிலையம் கட்ட 2011-ல் திட்டம் போட்டார்கள். செலவு கட்டுப்படியாகாமல் அது கைவிட்டுப் போச்சு. மேற்கு வங்காளத்தில் சுந்தரவனத் திட்டத்துக்கும் அதே கதி.

இன்னொரு சங்கடம். கடல் நம்ம கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். ஊரே லைட் போடுவது மாலை 7 மணிக்கு. கடல் சில நாள் நடுராத்திரியில்தான் கரண்ட் கொடுக்கும்!

மீன் பாடு என்ன?

ரான்சில் அணை கட்டுவதற்காக முகத்துவாரத்தைச் சுமார் மூன்று வருஷம் அடைத்தார்கள். உள்ளே இருந்த கடல் உயிர்கள் அழிந்தன. மறுபடி தழைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. கனடாவில் அன்னாபோலிஸ் நிலையம் 2019-ல் பழுதாகி நின்றது. டர்பைனில் மீன்கள் அடிபட்டுச் சாகிற பிரச்சினையும் சேர்ந்துகொள்ள, அது திரும்ப ஓடவே இல்லை.

தென்கொரியாவில் கதையே வேறு. சிஹ்வா என்ற இடத்தில் 1994-ல் கட்டிய கடல் சுவருக்குள் ஆலைக் கழிவு தேங்கி ஏரி நாறியது. 2011-ல் அதே சுவரில் 254 மெகாவாட் நிலையம் வைத்தார்கள். கடல் தண்ணீர் போய்வரத் தொடங்கியதும் ஏரி தெளிந்தது. கரண்டும் கிடைத்தது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கரண்டுக்காக உயிருள்ள முகத்துவாரத்தைப் புதிதாக அடைக்க வேண்டாம். ஓதமும் அதிகம், சுவரும் ஏற்கெனவே இருக்கிறது என்றால் தாராளமாக டர்பைன் பொருத்தலாம். அங்கேயும் வலை வீசிப் பிழைக்கிறவர்களை முதலில் கேட்க வேண்டும். சென்னைக்குக் காற்றும் வெயிலும் போதும்.

மெரினாவில் ஓத மின்சாரம் என்று யாராவது மேடையில் அளந்தால், "எத்தனை மீட்டர் ஏறுதுங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்!