உள்ளே இருப்பதைப் பெட்டியின் மேல் எழுதுங்கள்: ஹைதராபாத் ஹார்ட் டிஸ்க் பயனாளர்களின் கோரிக்கைச் சாசனம்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் விற்கும் நிறுவனங்களுக்கும்:

செகந்திராபாத் பார்க் லேன், செனாய் டிரேட் சென்டரில் ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதை நம்பித் தொழில் செய்பவர்கள் நாங்கள். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், எடிட்டர்கள், கணக்கர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். பெட்டியின் மேல் கொள்ளளவு கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று ஒரு வரி கிடையாது.

பழைய டிஸ்க்கின் உறையைப் பிரித்தால் லேப்டாப்பில் இருப்பது போன்ற இரண்டரை அங்குல டிரைவும், அதன் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் சின்ன போர்டும் இருக்கும். யுஎஸ்பி பின் ஆடிப்போனால் போர்டைக் கழற்றிவிட்டு, டிரைவைக் கம்ப்யூட்டரில் நேராகச் செருகி டேட்டாவை எடுத்துவிடலாம். இன்று பல மாடல்களில் அந்த வழியே இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வரிசையில் பலவற்றில் யுஎஸ்பி பின், டிரைவின் சொந்த போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. நாம் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் தானாகவே என்கிரிப்ட் செய்துவிடும் மாடல்களும் உண்டு. அப்போது டேட்டா பதிந்திருக்கும் தட்டான பிளேட்டர் நன்றாக இருந்தும், போர்டு போனால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். அடுத்தது டேட்டா ரெக்கவரி லேப். அங்கே கேட்கும் தொகை டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு. பின் ஒன்று ஆடியதற்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலையா இது?

ஆகவே, உள்ளே சாட்டாவா நேரடி யுஎஸ்பியா, என்கிரிப்ஷன் எப்போதும் இயங்குமா என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். இதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

எஸ்எம்ஆர் டிரைவா என்பதையும் சொல்ல வேண்டும். கூரை ஓடுகள் போல டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இந்த முறையில், பெரிய கோப்புகளை ஏற்றிக்கொண்டே போனால் எழுதும் வேகம் படுத்துவிடும். கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் டிரைவ்களில் இதைச் சொல்லாமல் விற்றது 2020 ஏப்ரலில் அம்பலமான பிறகுதான் நிறுவனங்கள் மாடல் பட்டியலை வெளியிட்டன. அம்பலமாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

வாரன்டியில் மாற்றித் தரும்போது பழைய டிஸ்க்கை வாங்கிக்கொள்கிறார்கள். அதிலுள்ள டேட்டா அழிக்கப்பட்டதற்கு எழுத்துப்பூர்வச் சான்று வேண்டும். டேட்டாவை மீட்கத் தகுதியுள்ள எந்த லேபில் திறந்தாலும் வாரன்டி செல்ல வேண்டும்.

அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டேட்டா சென்டரில் எந்த மாடல் எவ்வளவு பழுதாகிறது என்ற விவரத்தை 2013 முதல் திரட்டி வெளியிட்டுவருகிறது. வாங்கிப் பயன்படுத்துபவரால் முடிவது, செய்து விற்பவரால் முடியாதா? போர்ட்டபிள் டிஸ்க்குகளுக்கும் அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

மெமரி கார்டை உள்ளே ஒட்டி '16 டிபி' என்று ஆன்லைனில் விற்கும் போலிகளை ஆணையம் தானாக முன்வந்து நீக்க வேண்டும்.

பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதில் ஹார்ட் டிஸ்க்குகளின் விவரமும் இடம்பெற ஆணையிடுங்கள்.

வாங்கப் போகும் நண்பர்களே, எத்தனை டிபி என்று கேட்கும்போதே உள்ளே சாட்டாவா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத டிஸ்க்கில் ஒரே பிரதியை வைக்காதீர்கள்.