ஹோம் தியேட்டருக்கு யு.பி.எஸ் போட்டா போதுமா? சுங்குவார்சத்திரம் வாடகை வீடுகளின் கரன்ட் கணக்கு!

ஒரு காட்சி. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு ரூமுக்கு வர்றீங்க. நாலு பேர் சேர்ந்து இ.எம்.ஐ-ல வாங்கின 55 இன்ச் டி.வி, கூடவே ஒரு சவுண்ட்பார், சப்-ஊஃபர். படம் க்ளைமாக்ஸுக்கு வரும்போது 'டப்'புனு கரன்ட் போகுது. அஞ்சு நிமிஷத்துல திரும்ப வருது. ஆனா, டி.வி வரல. இன்னும் பத்து மாச தவணை பாக்கி!

சுங்குவார்சத்திரத்துல இது நடந்தா கொஞ்சம் முரணாத்தான் இருக்கும். ஏன்னா, டி.வி தயாராகிற ஊரே இதுதான். 2007-லிருந்து இங்கே சாம்சங் தொழிற்சாலை இயங்குது. 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி 37 நாள் நீடித்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் இந்த ஊர்ப் பெயர் உலகச் செய்திகளிலும் அடிபட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அது போக, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரைக்கும் வாடகை வீடுகளில் தங்கியிருப்பவர்கள் ஏராளம்.

இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி-க்கும் புரொஜெக்டருக்கும் ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. பெரிய திரை, சின்ன ரூமுக்குள்ளேயும் வந்துடுச்சு. அதைத் தாங்குற வயரிங் வந்துச்சா என்பதுதான் கேள்வி.

ஒரே ஊர், ரெண்டு வகை கரன்ட்

பெரிய தொழிற்சாலைகள் உயர் அழுத்த இணைப்பில் கரன்ட் வாங்கி, சொந்த டிரான்ஸ்ஃபார்மரில் குறைத்துக்கொள்கின்றன. ஜெனரேட்டரும் தயாராக இருக்கும். வீடுகளுக்கு அப்படி இல்லை. தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் தாழ்வழுத்த லைன்தான். ரெண்டு மாடி வீட்டை எட்டு போர்ஷனாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஏ.சி போட்டால், லைனின் கடைசியில் இருக்கிற வீட்டில் 230 வோல்ட் கிடைக்கிறது சிரமம்.

2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் போனது ஞாபகம் இருக்கா? அப்போதான் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் நுழைஞ்சது. அன்னிக்குத் தேவை ஃபேனும் லைட்டும். இன்னிக்கு நாம அதே பெட்டியில் சப்-ஊஃபரை மாட்டுறோம். சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது?

கடையில் '600 வி.ஏ' என்று எழுதியிருக்கும் யு.பி.எஸ், பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-ஹவர். டி.வி-யும் சவுண்ட்பாரும் சேர்ந்து 150 வாட்ஸ் இழுத்தால் அரை மணி நேரம் வரணுமே என்று தோன்றும். வராது. வேகமாக இழுக்கும்போது லெட்-ஆசிட் பேட்டரி முழுத் திறனையும் கொடுக்காது. நிஜத்தில் 10-15 நிமிஷம்தான்.

ஆக, இது படம் முடிக்கிறதுக்கு இல்லை. ஒழுங்கா ஆஃப் பண்றதுக்கு. அதுக்கே மதிப்பு உண்டு. லேம்ப் வைத்த புரொஜெக்டர் அணைந்த பிறகும் ஃபேன் ஓடிச் சூடு தணியணும். டி.வி சாஃப்ட்வேர் அப்டேட் ஆகும்போது கரன்ட் போனால் டி.வி முடங்கிப்போகலாம். கேம் கன்சோலில் சேமித்தது காலியாகலாம்.

அடுத்தது, அலை வடிவம். மலிவான யு.பி.எஸ், இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை. டி.வி பெரும்பாலும் சமாளிச்சுடும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்'னு இரையும், சூடாகும். ஆடியோவுக்கு 'ப்யூர் சைன் வேவ்'தான் சரி. பெட்டி மேல் போட்டிருக்கும் '1,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ'வை நம்பிக் கணக்குப் போடாதீங்க. சாதனத்தின் பின்பக்க லேபிளில் இருக்கும் வாட்ஸைப் பாருங்க. சப்-ஊஃபர் ஒரு அடி அடிக்கும்போது இழுப்பு திடீர்னு எகிறும். அதனால கூட்டுத்தொகையைவிட ஒன்றரை மடங்காவது தாங்கும் யு.பி.எஸ் தேவை.

உண்மையான வில்லன்

டி.வி-யைக் கொல்றது பல நேரங்களில் மின்தடை இல்லை, 'நியூட்ரல் கட்'. புயலிலோ, துருப்பிடித்த இணைப்பிலோ பொது நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வரை பாயலாம். அந்த அடியில் யு.பி.எஸ்ஸே கருகும். இதற்கு மீட்டருக்குப் பிறகு, மெயின் போர்டில் 'ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர்' வைக்கணும். அளவு தாண்டினால் அதுவே துண்டிச்சுடும்.

அதைவிட முக்கியம் எர்த். மூணு ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும். பின்னாடி எர்த் கம்பியே இருக்காது. அங்கே மெட்டல் பாடி ஆம்ப்ளிஃபயரில் கை வெச்சா, பிரச்னை டி.வி-க்கு இல்லை, உயிருக்கு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, தண்ணி வருதானு கேட்கிற மாதிரி, எர்த் இருக்கானு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துடுங்க. எர்த்தும் மெயின் போர்டும் வீட்டு ஓனர் பொறுப்பு, கேட்கத் தயங்காதீங்க.

யார் செலவு இது?

நல்ல வோல்டேஜ் நாம காசு கொடுத்து வாங்குற பொருளின் தரம். 2020 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள், 24 மணி நேர சப்ளையைப் பற்றிப் பேசுகின்றன. வோல்டேஜ் புகாரைக் குறித்த காலத்துக்குள் தீர்க்காவிட்டால் இழப்பீடு என்றும் சொல்கின்றன. ஆனா புகார் பதிவே இல்லைன்னா எந்த விதியும் உதவாது. லைட் மங்கி மங்கி எரியுதா? 'மின்னகம்' 94987 94987-க்கு போன் பண்ணிப் புகார் எண் வாங்கி வையுங்க. வாடகைக்கு இருப்பவர்களும் பண்ணலாம். மின் இணைப்பு எண் மட்டும் கையில் இருக்கட்டும்.

பட்ஜெட் கம்மின்னா வரிசை இதுதான்: முதலில் எர்த், அடுத்து ப்ரொடெக்டர், மூணாவதா வைஃபை ரௌட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ். பெரிய யு.பி.எஸ் கடைசியில். கரன்ட் போனாலும் மொபைலில் க்ளைமாக்ஸ் பார்த்துக்கலாம். டி.வி பத்திரமா இருந்தா, மிச்ச பத்து தவணையைக் கட்டும்போது வயிறு எரியாது!