வண்டி நிற்கும்போது இஞ்சினும் நிற்கிறதா?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் வந்து நிறுத்தும்போதுதான் பொசுக்கென்று இஞ்சின் ஆஃப் ஆகிவிடுகிறது. மறுபடி சாவியைத் திருப்பினால் உடனே எடுத்துக்கொள்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், ‘கிளட்ச்சை மிதிக்காம பிரேக் போடறீங்கம்மா’ என்று சிரிக்கிறார்கள். பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன், எனக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியாதா?”

நியாயமான கோபம்தான். இதே குறையை இவர் வீட்டுக்காரர் போய்ச் சொல்லியிருந்தால் முதலில் பானெட்டைத் திறந்து பார்த்திருப்பார்கள். போகட்டும். அந்தச் சிரிப்பு எடுபடாதபடி நாம் தயாராகப் போவதுதான் வழி. அதற்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும்.

கேஸ் அடுப்பு எரிவதைத் தினமும் பார்க்கிறோம். பெரிய தீயில் வைத்திருக்கும்போது பர்னரில் கொஞ்சம் அடைப்பு இருந்தாலும் தெரியாது, ஜன்னல் காற்று வந்தாலும் தெரியாது. ‘சிம்’மில் வைத்ததும்தான் தீ நடுங்கும், அணையும். காரிலும் இதே கதைதான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் இஞ்சின் ‘சிம்’முக்குப் போகிறது. மெக்கானிக்குகள் இதை ‘ஸ்லோ’ என்பார்கள், ‘ஐட்லிங்’ என்பார்கள். சின்ன பெட்ரோல் கார்களில், சூடேறிய பிறகு, நிமிஷத்துக்குச் சுமார் 700 முதல் 900 சுற்று. ஓட்டத்தில் மறைந்துகிடந்த சின்னக் குறையெல்லாம் இந்த நேரத்தில்தான் தலைகாட்டும்.

இஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் ‘த்ராட்டில்’ என்று ஒரு தகட்டுக் கதவு உண்டு. காலை எடுத்தால் அது மூடிக்கொள்ளும். அப்போது இஞ்சின் மூச்சு விடுவது ஒரு மெல்லிய இடுக்கு வழியாகத்தான். பழைய கார்களில் இந்த வேலையெல்லாம் கார்ப்பரேட்டருடையது. 2000-ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதை ஒட்டி அது வழக்கொழிந்து, கம்ப்யூட்டர் வந்தது. எவ்வளவு காற்று விடலாம் என்று அதுதான் கணக்குப் பார்த்து, ஒரு சின்ன வால்வையோ அந்தக் கதவையேயோ அசைக்கிறது. ஆனால் இஞ்சினிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை அந்த இடத்தில் கரியாகப் படிவதைக் கம்ப்யூட்டரால் துடைக்க முடியாதே! சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் பிசுக்கு ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும். இடுக்கு அடைபட்டால் மூச்சு முட்டி இஞ்சின் அணைகிறது. ஆகவே இந்தப் புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் த்ராட்டில்தான். கழற்றி, அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் சுத்தம் செய்ய வேண்டும். செலவு குறைந்த வேலை. இதைச் செய்யாமல் எடுத்த எடுப்பில் “பெட்ரோல் பம்ப்பையே மாத்தணும்” என்றால், “பிரஷர் கேஜ் வச்சுப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள்.

இனி நோட்டுக்கு வருகிறேன். பத்து நாள் எழுதுங்கள். ஒவ்வொரு தடவை நின்றபோதும் என்ன நேரம், இஞ்சின் சூடேறியிருந்ததா, ஏ.சி. ஓடியதா, ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருந்தீர்களா, பிரேக்கை மெதுவாகத் தொட்டீர்களா அழுத்தி மிதித்தீர்களா, இவ்வளவுதான். டாக்டரிடம் குழந்தைக்கு ஜுரம் என்று மட்டும் சொல்லாமல், சாயங்காலம் ஆனால் ஏறுகிறது, குளிர் நடுக்கம் இருக்கிறது என்று சொல்கிறோமே, அது போல.

ஏ.சி. போட்டால் மட்டும் நிற்கிறதென்றால், ஏ.சி.யின் சுமையைத் தாங்க ஸ்லோவைச் சற்று உயர்த்த வேண்டிய ஏற்பாடு வேலை செய்யவில்லை. கரி, அல்லது அந்த வால்வு. காலையில் முதல் தெரு முனையில் மட்டும் நின்று, சூடேறிய பிறகு சரியாகிவிட்டால், இஞ்சினின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் தப்பாகச் சொல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகச் சூடான பிறகுதான் தொல்லை என்றால் இக்னிஷன் காயிலோ, கிராங்க் சென்சாரோ சூட்டில் சோர்ந்துபோகலாம். அவை சோர்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அணையும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி. போக்குவரத்து இல்லாத தெருவில், பின்னால் வண்டி வராத நேரத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு, பிறகு பிரேக் போட்டு நிறுத்துங்கள். அப்போதும் இஞ்சின் அணைந்தால் உங்கள் இடது காலில் குற்றமில்லை. கிளட்ச் சரியாக விடுபடாமல் இருந்தால் கியர் போடும்போதும், முக்கியமாக ரிவர்ஸ் போடும்போதும், கரகரவென்று இழுக்கும். அதுவும் இல்லையென்றால் கிளட்ச் பேச்சை அதோடு விட்டுவிடலாம். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்தே செய்து காட்டுங்கள்.

பிரேக் பற்றிக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் என் ஓரகத்தியின் வண்டி. அவள் வேலூரில் இருக்கிறாள். செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்னக் கார், இதே தொல்லை. ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள், ஃபில்டர் மாற்றினார்கள். மூன்றாம் தடவை, “ஸ்லோ ஏத்தி விட்டிருக்கேம்மா, இனி நிக்காது” என்றார்கள். நிற்கவில்லைதான். ஆனால் கிளட்ச்சை விட்டதும் வண்டி தானாக முண்டியது, பெட்ரோலும் அதிகம் குடித்தது. பிரேக் கல் மாதிரி இருக்கிறது என்று அவள் போனில் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஹாண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். “அக்கா, இஞ்சின் குலுங்குது, காலடியில ‘ஸ்ஸ்’னு பாம்பு சீறற மாதிரி சத்தம் வருது” என்றாள்.

நம் கால் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர், இஞ்சின் காற்றை உறிஞ்சும் சக்தியைக் கொண்டுதான் வேலை செய்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்தால், மிதிக்கும்போதெல்லாம் கணக்கில் வராத காற்று இஞ்சினுக்குள் புகுந்து அதை அணைக்கும். பிரேக்கும் பலமிழக்கும். ஆக, அவர்கள் ஸ்லோவை ஏற்றி மறைத்தது பிரேக் கோளாறை! அடுத்த வாரம் பிள்ளைகளோடு அந்த வண்டியில் ஏலகிரி போவதாக இருந்தாள். அந்த மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வேறு ஒர்க்‌ஷாப்பில் பூஸ்டரை மாற்றி, ஸ்லோவைப் பழையபடி இறக்கி வைத்தார்கள். ஏலகிரிக்கு அதற்கு அப்புறம்தான் போனாள்.

இதற்கு வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை இருக்கிறது. இஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் விறைப்பாகும். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு உயிர் இருக்கிறது. இறங்கவே இல்லையென்றால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இந்தச் சோதனைகளை ஷெட் கதவை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஓடும்போதே இஞ்சின் அணைந்துவிட்டால் பதறாதீர்கள். பிரேக் அற்றுப்போகாது. பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு வேண்டியது மிச்சமிருக்கும், ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பெடல் விறைத்தால் முழுப் பலத்தையும் கொடுங்கள், பிடிக்கும். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். வண்டி நகரும்போது சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை!

ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால் கேள்வி கேளுங்கள், என்ன நம்பர் வந்தது என்று. பி-0506 என்றால் ஐட்லிங் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, பி-0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம், அதாவது எங்கோ ஒரு குழாயில் கசிவு இருக்கலாம். நோய் இன்னது என்று நம்பர் சொல்லாது, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லும். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். த்ராட்டிலைச் சுத்தம் செய்த பிறகோ, பாட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகோ சில வண்டிகளில் ஓரிரு நாள் ஸ்லோ தடுமாறும். கம்ப்யூட்டர் மறுபடி பழக வேண்டும். இதைச் சொல்லாமல் வண்டியைக் கையில் கொடுத்துவிடுவதால்தான் நம்மவர்கள் மறுநாளே திரும்ப ஓடுகிறார்கள்.

இன்னொரு கடிதத்துக்கும் இங்கேயே பதில். மதுரைச் சகோதரியின் கார் புத்தம் புதிது. சிக்னலில் நிற்கிறது, கிளட்ச்சை மிதித்ததும் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது, டாஷ்போர்டில் வட்ட அம்புக்குறிக்குள் ‘ஏ’ என்ற எழுத்து எரிகிறது என்கிறார். அது கோளாறு இல்லை அம்மா. பெட்ரோல் மிச்சம் பிடிக்கக் கம்பெனியே செய்துகொடுத்த ஏற்பாடு. வேண்டாமென்றால் அதே அடையாளம் போட்ட பட்டன் ஸ்டியரிங் பக்கமாக இருக்கும், அழுத்திவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அடுத்த தடவை சாவி போடும்போது மறுபடி அழுத்த வேண்டியிருக்கும்.