முதலில் சிநேகம், பிறகு சேவை

சேவா சங்கம் என்றதும் பலருக்கு நினைவு வருவது என்ன? மாலை, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை, கடைசியில் விருந்து! "இவர்கள் கூடுவது சேவைக்கா, சாப்பாட்டுக்கா?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் குறும்பு இருக்கிறது; கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு மேஜையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சிநேகிதர்கள்தானா என்பதே பார்க்க வேண்டிய விஷயம்.

ரோட்டரி சங்கம் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. பால் ஹாரிஸ் என்ற வக்கீல் 1896-ல் சிகாகோ நகரில் தொழில் தொடங்கினார். வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். எதிரே வருகிறவரெல்லாம் முகம் தெரிந்தவராக இருந்த ஊர் அது. சிகாகோவிலோ லட்சக்கணக்கான ஜனங்கள்! அங்கே அவருக்குக் கட்சிக்காரர்கள் கிடைத்தார்கள். மனம் விட்டுப் பேச ஆள் கிடைக்கவில்லை.

அந்தத் தனிமையின் பலன்தான் 1905-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி நடந்த முதல் கூட்டம். வந்தவர்கள் நாலே பேர். வக்கீல் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வஸ்டர் ஷீல், சுரங்க எஞ்சினீயர் குஸ்டாவஸ் லோயர், தையற்கடை ஹிராம் ஷோரி. லோயரின் அலுவலக அறையில் கூடினார்கள். பிறகு முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடினார்கள். அந்தச் சுழற்சியிலிருந்து வந்ததே 'ரோட்டரி' என்ற பெயர். ஒரு தொழிலுக்கு ஓர் அங்கத்தினர் என்று வைத்துக்கொண்டதால் போட்டிக்கும் பொறாமைக்கும் இடமில்லாமல் போயிற்று.

அப்போது சேவை என்ற பேச்சே இல்லை. சிநேகம் இருந்தது, கூடவே வியாபாரமும் இருந்தது. உன் நிலக்கரியை நான் வாங்குகிறேன், என்னிடம் நீ கோட்டு தைத்துக்கொள் என்கிற ஏற்பாடு! 1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற வக்கீலைச் சங்கத்தில் சேர அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். தங்களுக்குள் மட்டும் உதவிக்கொண்டு, ஊருக்கு ஒன்றும் செய்யாத சங்கம் எதற்கு என்பது அவருடைய வாதம். சங்கத்தார் கோபித்துக்கொள்ளவில்லை. விதியைத் திருத்தி, அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். 1907-ல் சிகாகோ ஜனங்களுக்குப் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்ற முயற்சியில் இறங்கினார்கள். அதுவே அவர்கள் தொடங்கிய முதல் பொதுத் தொண்டு.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் சிநேகம், பிறகு சேவை. சிநேகம் மட்டும் இருந்தால் சங்கம் அரட்டை மடமாகிவிடும். சேவை மட்டும் இருந்தால் சர்க்கார் இலாகாவாகிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

சென்னையில் ரோட்டரி 1929-ல் தொடங்கியது. இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 1985-ல் ரோட்டரி உலகளாவிய இயக்கம் ஆரம்பித்தது. இந்தியாவில் சர்க்கார் ஊழியர்களோடு அங்கத்தினர்களும் சொட்டு மருந்து முகாம்களில் நின்றார்கள். 2014 மார்ச் 27-ல் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ அற்றது என்று சான்று கிடைத்தது. சம்பளம் இல்லாத வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மனிதரை எழுப்பி அனுப்புவது எது? கொள்கை ஒரு முறை அனுப்பும். மறு முறையும் அதற்கடுத்த முறையும் அனுப்புவது, "நண்பர் அங்கே காத்திருப்பாரே" என்ற எண்ணம்தான்.

ஆனால் சிநேகத்துக்கும் ஒரு நோய் உண்டு. தன் வட்டத்துக்குக் கதவடைத்துக்கொள்வதே அந்த நோய். பெண்களுக்கு ரோட்டரியில் வெகுகாலம் இடமில்லை. 1987-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த பிறகு, 1989-ல்தான் உலகெங்கும் விதி மாறியது. இன்னொரு நோய், விசிட்டிங் கார்டு சிநேகம். நட்பைப் பாடிய வள்ளுவர் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் தனித்தனி அதிகாரம் ஒதுக்கியது வீணுக்கல்ல! ஆர்டர் கிடைக்கும் வரை தோளில் கை. கிடைத்ததும் முகம் தெரியாது. இப்படிப்பட்டவர்கள் பெருகினால் எந்தச் சங்கமும் உள்ளே செல்லரித்துப் போகும்.

ஒரு சங்கத்தை எடை போட ஆண்டறிக்கை வேண்டாம். எத்தனை தையல் மெஷின், எத்தனை கண்ணாடி என்ற கணக்கும் போதாது. ஓர் அங்கத்தினர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சந்தா பாக்கி நோட்டீஸ் போகிறதா, அல்லது நண்பர் ஒருவர் வீடு தேடிப் போகிறாரா? வியாபாரம் நொடித்தவரின் நாற்காலி காலியாகவே கிடக்கிறதா, அல்லது அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அதில் உட்கார வைக்கிறார்களா? தன் நண்பனின் துன்பம் கண்ணில் படாதவருக்கு ஊரார் துன்பம் எப்படிக் கண்ணில் படும்?

முதல் கூட்டத்துக்கு வந்த நிலக்கரி வியாபாரி ஷீல் 1945-ல் காலமானார். வக்கீல் ஹாரிஸ் 1947-ல் காலமானார். சிகாகோவின் மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அருகருகே உறங்குகிறார்கள். நாற்பது வருஷச் சிநேகம் அது. அப்படிப்பட்ட இரண்டு பேர் இருந்தால் போதும். எந்த ஊரிலும் ஒரு சேவா சங்கம் நிலைத்து நிற்கும்.